தொண்ணூறு பேரைத் தொடர்ந்து போனவர்கள்

1981, 1982 ஆகிய இரண்டு ஆண்டுகளில் சென்னை அரசு பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு மனச்சிதைவு நோயோடு முதல் தடவையாக வந்தவர்களில் 90 பேர் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் உதவியோடு லக்னோ, வேலூர், சென்னை என்று மூன்று ஊர்களில் ஒரே சமயத்தில் தொடங்கிய ஆய்வு அது. ஐந்து ஆண்டுகளில் கவுன்சிலின் திட்டம் முடிந்தது. சென்னைக் குழு மட்டும் தன் பதிவேட்டை மூடவில்லை. பத்தாண்டு கழித்து அந்தத் தொண்ணூறு பேரில் 76 பேரைத் தேடிப் பிடித்துப் பேசினார்கள். இருபதாண்டு கழித்து 61 பேரைப் பார்த்தார்கள். இடையில் இறந்துபோனவர்கள் உண்டு. தாமே உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் அவர்களில் உண்டு. 'மெட்ராஸ் நீள்கால ஆய்வு' என்று உலக மனநல மருத்துவம் இன்றும் மேற்கோள் காட்டுகிற வேலை இதுதான்.

விழா மலர்களில் நிறுவன வரலாறு எழுதும்போது அடிக்கல், திறப்பு விழா, கட்டடம், நன்கொடையாளர் என்று எழுதிக்கொண்டு போவது நம் வழக்கம். சென்னையில் மனநோயிலிருந்தும் குடிநோயிலிருந்தும் மீள்வதைப் பற்றிச் சிந்தித்த நிறுவனங்களின் வரலாற்றை அப்படி எழுதினால் அதில் பாதிதான் வரும். அவற்றின் உண்மையான சாதனை, நோயாளி வீட்டுக்குப் போன பிறகு நடந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரையை ஒரு பதிவேட்டிலிருந்து தொடங்கினேன்.

இதற்கெல்லாம் முன்கதை கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. 1794-ல் வாலண்டைன் கானொலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் புரசைவாக்கத்தில் தொடங்கிய காப்பகம் அதன் வேர். 1871-ல் 145 பேரோடு இப்போதைய இடத்தில் அரசு மனநோயாளர் இல்லமாக அது திறக்கப்பட்டது. 1922-ல் அரசு மனநோய் மருத்துவமனை என்று பெயர் பெற்றது. ஆனாலும் உள்ளே போனவர் திரும்புவதில்லை என்ற எண்ணம் மாறவே இல்லை. கீழ்ப்பாக்கம் என்று ஊர்ப்பெயரைச் சொன்னாலே வசவாக இருந்த காலம் ரொம்பப் பழையதும் அல்ல.

1961-ல் அந்த மருத்துவமனையின் கண்காணிப்பாளரானார் டாக்டர் சாரதா மேனன். மங்களூரில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் மனநல மருத்துவப் பயிற்சி பெற்றவர். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 1978 வரை, பதினேழு ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். குளோர்புரோமசின் போன்ற மருந்துகள் 1950-களில் வந்துவிட்டதால் பல பேருடைய கொந்தளிப்பு அடங்கியது. வெளியே அனுப்பலாம் என்ற நிலை முதல் முறையாக உண்டாயிற்று. ஆனால் வந்து கூட்டிப்போக ஆள் வரவில்லை. சேர்க்கும்போது கொடுத்த முகவரியில் குடும்பம் இல்லை. இருந்தாலும் கதவு திறக்கவில்லை. புறநோயாளர் பிரிவை அவர் வளர்த்ததற்கும், மாவட்ட மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் வேண்டும் என்று வாதாடியதற்கும், தொழிற்பயிற்சியைச் சிகிச்சையாகக் கொண்டுவந்ததற்கும் பின்னால் இருந்தது இந்த அனுபவம். ஒருவரை உள்ளே வைத்துவிட்டால் அவருக்கு வெளியே இருக்கும் இடம் மெல்ல மெல்ல அடைபட்டுப்போகிறது. ஆகவே உள்ளே வைக்காமலே பார்க்க வழி தேட வேண்டும்.

ஓய்வுபெற்று ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1984-ல், டாக்டர் தாரா உள்ளிட்ட இளைய மருத்துவர்களோடு சேர்ந்து அவர் தொடங்கியதுதான் ஸ்கார்ஃப் என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் ஸ்கிசோஃப்ரீனியா ஆராய்ச்சி நிறுவனம். இன்று அண்ணா நகர் மேற்கு விரிவில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு மையமாகவும் விளங்குகிறது. ஓய்வுக்குப் பிறகு மரியாதையாக வீட்டில் இருந்திருக்கலாம். அறுபதைத் தாண்டிய வயதில், அரசுப் பணமும் இல்லாமல், குணமாகாத வியாதி என்று எல்லோரும் கைவிட்ட ஒன்றுக்காகவே தனி நிறுவனம் தொடங்க எவ்வளவு பிடிவாதம் வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். 2021 டிசம்பரில், 98 வயதில் அவர் காலமானார்.

மெட்ராஸ் ஆய்வின் பொறுப்பை இந்த நிறுவனம் தோளில் ஏற்றுக்கொண்டது. அந்த ஆய்வு எதைக் காட்டியது என்று சொல்வதற்கு முன், அதுவரை என்ன நம்பப்பட்டது என்று சொல்லியாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எமில் கிரேப்பலின் இந்த நோயை வகைப்படுத்தியபோது, இது படிப்படியாகச் சீரழிந்துகொண்டே போகும் நோய் என்று எழுதினார். அந்தச் சித்திரமே பாடப்புத்தகங்களில் நிலைத்தது. சென்னையில் பத்தாண்டு முடிவில் கண்டுபிடிக்க முடிந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு நோயின் போக்கு நல்லபடியாக இருந்தது. அறிகுறிகள் சிலருக்கு அறவே போய்விட்டன. சிலருக்கு வந்து வந்து போயின. விடாமல் சீரழிந்துகொண்டே போனவர்கள் சிறுபான்மையினர்தான்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, ஆய்வாளர்கள் அறிகுறிகளோடு நிற்கவில்லை என்பது. வேலைக்குப் போகிறாரா? கல்யாணம் ஆயிற்றா? குழந்தைகள் உண்டா? வீட்டில் என்ன வேலை செய்கிறார்? ஆண்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு வேலையில் இருந்தார்கள். வேலையில்லாதவருக்கு அரசு உதவித்தொகை தரும் நாடல்ல இது. சம்பாதித்துத்தான் ஆகவேண்டும் என்ற நெருக்கடி ஒரு பக்கம். சித்தப்பா கடையிலோ மாமா பட்டறையிலோ எப்படியாவது ஒரு இடம் கிடைத்துவிடுவது இன்னொரு பக்கம். வறுமையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. வேலை என்பது குணமான பிறகு கிடைக்கும் பரிசு அல்ல, குணமாவதற்கு உதவுகிற ஒன்று என்பதை அந்தத் தொடர் சந்திப்புகள்தான் தெளிவாக்கின.

பெண்களின் கதை வேறு. கல்யாணம் செய்துவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நோயை மறைத்துத் தாலி கட்டவைப்பதும், தெரிந்த பிறகு பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவதும் நம் ஊர்களில் எல்லோரும் பார்த்ததுதான். டாக்டர் தாராவும் சக ஆய்வாளர்களும் இப்படி மணவாழ்வு முறிந்த 76 பெண்களை மட்டும் தனியாக எடுத்து ஆராய்ந்தார்கள். நோயின் பாரத்தோடு வாழாவெட்டி என்ற பேரையும் சேர்த்துச் சுமந்தவர்கள் அவர்கள். முறைப்படி விவாகரத்து ஆனவர்கள் குறைவு. ஜீவனாம்சம் கிடைத்தவர்கள் அதைவிடக் குறைவு. மகளைத் திரும்ப ஏற்றுக்கொண்ட வயதான பெற்றோருக்கு, தங்கள் காலத்துக்குப் பிறகு இவளை யார் பார்ப்பார்கள் என்பதே பெரிய கவலையாக இருந்தது. மருந்துச் சீட்டில் இடம்பெறாத இந்த விஷயங்களை ஆராய்ச்சிக் கட்டுரையாக்கி உலகத்தின் முன் வைத்ததை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன்.

நம் குடும்பங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துகொள்வார்கள். குடும்பமே மருந்து என்பார்கள் சிலர். குடும்பத்தின் அறியாமையே தடை என்பார்கள் மற்றவர்கள். ஸ்கார்ஃபின் ஆய்வுகள் இரண்டையும் அப்படியே ஏற்கவில்லை. சென்னையில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழும் பகுதியில் வீடுவீடாகச் சென்று நடத்திய கணக்கெடுப்பில், மனச்சிதைவு இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஒருமுறைகூடச் சிகிச்சை பெறாதவர்கள் என்று தெரியவந்தது. மருத்துவமனைகள் நிறைந்த மாநகரத்தில் இந்த நிலை. நிறைய பேர் இருக்கும் பெரிய குடும்பங்கள் ஒருவருடைய விலகலைப் பொறுத்துக்கொண்டு, சோறு போட்டு, ஒரு மூலையில் இருக்கவிட்டுவிடுகின்றன. அந்தப் பொறுமையே சிகிச்சையைத் தள்ளிப்போட்டும் விடுகிறது.

இன்னோர் ஆய்வில் 254 நோயாளிகளின் நெருங்கிய உறவினரிடம், இந்த நோய் எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். பேய், பில்லிசூனியம், தெய்வக் குற்றம் போன்ற காரணங்களைச் சொன்னவர்கள் 12 விழுக்காடுதான். அதை மட்டுமே காரணமாகச் சொன்னவர்கள் 5 விழுக்காடு. மன அழுத்தம், குடும்பத்தில் நடந்த துயரம் என்று சொன்னவர்களே அதிகம். சிகிச்சைக்கு வந்த குடும்பங்களைக் கேட்ட கணக்கு என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனாலும் ஜனங்களின் மூடநம்பிக்கைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று படித்தவர்கள் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வதற்கு இந்தக் கணக்கு இடம் கொடுக்கவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகி மாண்டபோது, அவர்களுடைய வீட்டாரை நாடே திட்டியது. அவர்களில் எத்தனை குடும்பங்களுக்கு எட்டும் தூரத்தில் ஒரு மனநல மருத்துவர் இருந்தார் என்ற கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு.

இங்கே குடிநோய்க்கு வருகிறேன். தமிழ்நாட்டின் மதுக்கொள்கை முன்னும் பின்னுமாகப் போனதை எல்லோரும் அறிவோம்: 1971-ல் கடைகள் திறந்தன, 1974-ல் மூடின, 1981-ல் மறுபடி திறந்தன, 2003-ல் சில்லறை விற்பனையே அரசுக் கழகத்தின் கைக்கு வந்தது. கடையைத் திறப்பதா மூடுவதா என்ற விவாதத்தில், ஏற்கெனவே குடிக்கு ஆட்பட்டுவிட்டவரை என்ன செய்வது என்று யாரும் பேசவில்லை. அது ஒழுக்கக்கேடு, திமிர், பொண்டாட்டி சரியில்லை, சேர்க்கை சரியில்லை. நோய் என்று யாரும் சொல்லவில்லை.

தொழிலதிபரும் மத்திய நிதியமைச்சராக இருந்தவருமான டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் குடும்பத்தில், அவருடைய பேரன் டி.டி. ரங்கநாதன் குடிநோயால் 1979-ல் இளம் வயதிலேயே இறந்தார். வசதிக்குக் குறைவில்லாத வீட்டுக்கே போக ஓரிடம் இல்லை என்றால் மற்றவர்கள் எங்கே போவார்கள்? அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் அடுத்த ஆண்டே, 1980-ல், கணவர் பெயரில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அடையாறு இந்திரா நகரில் இருக்கும் டி.டி.கே. மருத்துவமனை என்று ஜனங்கள் அறிந்தது அதைத்தான். கணவர் எப்படி இறந்தார் என்பதை மறைத்து, நெஞ்சுவலி என்று சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். அந்தக் காலத்தில் அப்படித்தான் எல்லா வீடுகளிலும் சொன்னார்கள். அவர் வெளிப்படையாகப் பேசினார். அந்த ஒரு துணிச்சலுக்கு எத்தனை பெண்கள் கடன்பட்டிருக்கிறார்கள் என்று கணக்கிட முடியாது.

குடியை நிறுத்துவதன் மருத்துவப் பகுதி பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள் சங்கதி. தினமும் குடித்தவர் நிறுத்திய முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். சிலருக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் வலிப்பும் புத்தி தடுமாற்றமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்தும் தயமின் என்ற பி வைட்டமினும் கொடுத்து அந்தக் கட்டத்தைத் தாண்டவைக்க முடியும். கஷ்டம் அதற்குப் பிறகுதான். பழைய தெரு, பழைய கூட்டாளி, சம்பள நாள், மச்சான் கல்யாணம். அதனால்தான் டி.டி.கே. சிகிச்சையில் அதன் பிறகான வாரங்கள் குழுப் பேச்சுக்கும் ஆலோசனைக்கும் ஒதுக்கப்பட்டன. மனைவிக்கும் பெற்றோருக்கும் தனி வகுப்புகள் வைத்தார்கள். குடிப்பவரைவிட வீட்டில் இருப்பவர் சில சமயம் அதிகமாக உடைந்துபோயிருப்பார். கணவரின் பொய்யைத் தான் சுமந்து, முதலாளிக்குக் காய்ச்சல் என்று சொல்லி, அடகுக்கடைக்குப் போய், பிள்ளைகளிடம் அப்பா தூங்குகிறார் என்று சொல்லிப் பழகிய பெண்ணுக்கு, அந்தச் சுமையை இறக்கிவைக்கவும் யாராவது கற்றுக்கொடுத்தாக வேண்டும்.

டைசல்ஃபிராம் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் போட்டுக்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். அந்தப் பயமே காவல். நம் நாட்டில் இந்த மாத்திரை ஓரளவு பலன் தருவதற்கு ஒரு காரணம், காலையில் மனைவியோ தாயோ கையில் எடுத்துக் கொடுத்துவிட்டு விழுங்குகிற வரை நிற்பது. நோயாளி தெரிந்து, சம்மதித்து எடுத்துக்கொள்ளும் வரைதான் அது மருந்து. குடிப்பவருக்குத் தெரியாமலே சோற்றில் கலந்து கொடுக்கலாம் என்று சுவரொட்டிகளில் விளம்பரம் செய்கிறவர்கள் உயிரோடு விளையாடுகிறார்கள். அவர்களைச் சட்டம் இன்னும் கண்டும் காணாமல் விட்டுக்கொண்டிருப்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

இந்த நிறுவனத்தின் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது மஞ்சக்குடி முகாம். 1989-ல், அப்போது தஞ்சாவூர் மாவட்டத்திலும் இப்போது திருவாரூர் மாவட்டத்திலும் இருக்கும் அந்த ஊரில் பதினைந்து நாள் சிகிச்சை முகாம் தொடங்கினார்கள். ஊர்க்காரர்களே இடம் கொடுத்து, ஆட்களைச் சேர்த்தார்கள். கூலி வேலை செய்பவர் ஒரு மாதம் சென்னையில் வந்து தங்க முடியாது. மனைவியைக் கூட அழைத்துவரவும் முடியாது. சிகிச்சை ஊருக்கே போனால் மனைவி தினமும் வரலாம். குடியை விட்டவரை ஊர் கண்ணால் பார்க்கும். அவர் தடுமாறினால் ஊரே சொல்லும். முகாம் முடிந்த பிறகும் குழு தொடர்ந்து போய்ப் பார்த்தது. இந்தக் கிராம முகாம் முறையைப் பிற நாடுகளும் கவனித்தன. 1992-ல் சாரதா மேனனுக்குப் பத்மபூஷணும் சாந்தி ரங்கநாதனுக்குப் பத்மஸ்ரீயும் ஒரே ஆண்டில் கிடைத்தன. 1999-ல் ஐ.நா.வின் வியன்னா சமூக அமைப்பு விருதும் சாந்தி ரங்கநாதனுக்கு வந்தது.

மனநோயும் போதையும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது சாதாரணம். மேல்நாடுகளில் மனச்சிதைவு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் புகைபிடிப்பவர்கள். நோயே மூளையை நிக்கோட்டினை நாடவைக்கிறது என்று அங்கே விளக்கினார்கள். ஸ்கார்ஃப் சென்னையில் 286 ஆண் நோயாளிகளைக் கேட்டுப் பார்த்தபோது புகைப்பவர்கள் 38 விழுக்காடுதான். பொதுவாக ஆண்கள் புகைக்கும் அளவுக்கு மேல் அது போகவில்லை. கையில் காசு இல்லை. வீட்டில் அப்பா முன்னால் பிடிக்க முடியாது. அம்மா எண்ணித்தான் பணம் தருவாள். மூளையின் ரசாயனம் என்று முடிவுகட்டிய இடத்தில் வீட்டின் கட்டுப்பாடும் பொருளாதாரமும் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதை ஒரு சின்ன ஆய்வு எடுத்துக்காட்டியது.

சட்டத்தின் பக்கத்தை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1995-ல் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் சேர்க்கப்பட்டது. கால் இல்லாதவரைப் பார்த்தால் தெரியும். மனச்சிதைவால் முடங்கியவரின் ஊனத்தை எப்படி அளப்பது? தன்னைக் கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்று நான்கு துறைகளில் மதிப்பிடும் ஓர் அளவுகோலை இந்திய மனநல மருத்துவர் சங்கம் உருவாக்கியது. அதைச் சோதித்துச் செப்பனிட்டதில் சென்னை ஆய்வாளர்களுக்குப் பங்கு உண்டு. 2002-ல் மத்திய அரசு அதை ஏற்றது. 40 விழுக்காடு என்று சான்றிதழ் கிடைத்தால் பேருந்துச் சலுகையும் உதவித்தொகையும் கேட்க ஒரு தாய்க்கு வழி பிறந்தது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்தது.

2010-ல் ஸ்கார்ஃப் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. உள்ளே ஆலோசனை அறை, திரை, மருந்தகம். சென்னையில் இருக்கும் மருத்துவர் திரையில் தோன்றிப் பேசுவார்; மருந்து அங்கேயே இலவசமாகக் கிடைக்கும். 2014-ல் லான்செட் இதழில் வெளிவந்த இன்னோர் ஆய்வில், தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரம் மூன்றிலும் சேர்த்து 282 பேர் கலந்துகொண்டார்கள். மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர்ப் பணியாளர்கள் வீட்டுக்குப் போய் ஆதரவு கொடுத்தால் பலன் கூடுமா என்று பார்த்தார்கள். கூடியது, மலைக்கும்படியாக அல்ல, மிதமாக. அந்தப் பலன் தெளிவாகத் தெரிந்த இடம் தமிழ்நாடு. மிதமான முடிவை மிதம் என்றே எழுதிய நேர்மைக்காகவும் அந்த ஆய்வைப் பாராட்ட வேண்டும்.

சமீப ஆண்டுகளில், கனடாவின் மான்ட்ரியால் நகரத்தோடு சேர்ந்து ஓர் ஒப்பீடு நடந்தது. முதல் தடவை மனநோய் கண்டவர்கள், அங்கே 165 பேர், இங்கே 168 பேர்; இரண்டு ஆண்டுகள் ஒரே மாதிரி சிகிச்சை. பாதியில் விட்டுப்போனவர்கள் மான்ட்ரியாலில் 19 விழுக்காடு. சென்னையில் ஒரு விழுக்காடு. இங்கே நோயாளி வராத நாளிலும் அவருடைய அம்மாவோ அண்ணனோ வந்து நின்றார்கள்.

அந்த ஒரு விழுக்காட்டைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்போதே, அது எத்தனை காலம் நிற்கும் என்ற கவலையும் வருகிறது. ஒற்றைப் பிள்ளை, அந்தப் பிள்ளையும் வெளியூரில், அப்பா அம்மா தனியாக ஓர் அடுக்ககத்தில் என்று வீடுகள் மாறிவிட்டன. 2019-ல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பு, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெறுகிறார் என்கிறது. மற்ற 37 பேரையும் இப்போது தாங்கிக்கொண்டிருப்பது அவர்களுடைய வீட்டுப் பெண்கள்தான்.

1981-ல் வாலிப வயதில் அந்த மனநலப் பிரிவின் படியேறியவர்கள் இப்போது அறுபதைத் தாண்டியிருப்பார்கள். அவர்களைக் கூட்டிவந்த பெற்றோரில் பலர் இன்று இருக்க மாட்டார்கள். அவர்களை இப்போது பார்த்துக்கொள்வது தம்பியா, தங்கையா, தங்கை மகளா? முதுமையில் சர்க்கரையும் இதயநோயும் சேரும்போது அந்தப் பழைய நோய் என்ன ஆகிறது? இந்த விவரங்களை இந்தியாவில் சொல்லக்கூடிய பதிவேடு மிக அரிது. சென்னையில் ஒன்று இருக்கிறது. அதைத் தொடர வேண்டுமானால் சமூகப் பணியாளர்களுக்கு மாதாமாதம் சம்பளமும், தெருத்தெருவாய்த் தேடிப் போகப் பேருந்துக் கட்டணமும், பல ஆண்டுகளுக்கு வேண்டும். கல்வெட்டில் பெயர் பொறிக்கும்படியான செலவல்ல இது. இந்த மலரைப் புரட்டுகிற வசதியுள்ளவர்கள் அடுத்து நன்கொடை கொடுக்கும்போது, ஒரு கட்டடத்துக்குக் கொடுக்க நினைத்ததை இந்தப் பணிக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.